பேர் பெற்ற வண்டி

கல்யாணப் பந்தியில் நூறு பேர் சாப்பிடுகிறார்கள். சமையற்காரர் லேசுப்பட்டவர் அல்ல. நாலு ஜில்லாவிலும் பேர் பெற்றவர். தொண்ணூற்றொன்பது பேர் ரசித்து ரசித்துச் சாப்பிடுகிறார்கள். நூறாவது மனிதருக்குச் சோற்றில் கல் அகப்படுகிறது. 'நறுக்'கென்று ஒரு சத்தம். கடைவாய்ப் பல் ஒன்று போய்விடுகிறது. "ஐயோ, கல்!" என்று அலறுகிறார்.

உடனே என்ன நடக்கிறது? பக்கத்து இலைக்காரர், "அவர் சமையலிலா? இருக்கவே இருக்காது!" என்கிறார். எதிர் இலைக்காரர், "உம்முடைய பல் முன்பே ஆட்டங் கண்டிருக்கும்" என்கிறார். மூன்றாமவர், "சாப்பிடவும் தெரிய வேண்டும் ஓய்!" என்று புன்னகை புரிகிறார். சமையற்காரர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவருடைய பேர் அவருக்காகப் பேசிவிட்டது. நூறாவது மனிதர் ஒரு கையில் கல்லும் மறு கையில் பல்லுமாக, பொய்யன் என்ற பட்டத்தையும் சுமந்துகொண்டு பந்தியிலிருந்து எழுந்து போகிறார்.

மோட்டார் உலகத்தில் அந்தச் சமையற்காரருக்கு டொயோட்டா என்று பெயர்.

உடனே கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கம்பெனியின் வண்டிகள் மோசமானவை என்று நான் சொல்ல வரவில்லை. பாலைவனத்திலும் பனிப் பிரதேசத்திலும், சாலையே இல்லாத ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் வருஷக் கணக்காக ஓடி உழைத்துச் சம்பாதித்த பேர் அது. அந்தப் பேரைப் பொய் என்று சொல்கிறவன் பொய்யன். என்னுடைய வழக்கு அந்தப் பேரின் மீது அல்ல. அந்தப் பேரை எடுத்துக் கல் கடித்தவனின் வாயில் திணிக்கிறோமே, அந்த வழக்கத்தின் மீதுதான்.

பேருக்கு ஒரு வேலை உண்டு. கார் வாங்கப் போகிறவன், "எந்த வண்டியை வாங்கலாம்?" என்று கேட்கிறான். அதற்குப் பேர் பதில் சொல்லும். நல்ல பதிலாகவும் சொல்லும். ஆனால் வாங்கிவிட்டவன் கேட்பது வேறு கேள்வி. "என் வண்டிக்கு என்ன கேடு?" என்று அவன் கேட்கிறான். இந்தக் கேள்விக்குப் பேரிடம் பதிலே கிடையாது. பத்து லட்சம் வண்டிகளின் சராசரியை யாரும் ஓட்டிக்கொண்டு போவதில்லை. அவனவன் தன்னுடைய ஒரே வண்டியைத்தான் ஓட்டுகிறான். முதல் கேள்விக்கு உரிய பதிலை இரண்டாவது கேள்வி கேட்டவனிடம் சொல்வது பதில் அல்ல, வாயை அடைப்பது.

இது கற்பனை அல்ல. நடந்த கதையையே பார்ப்போம்.

1997 முதல் 2002 வரையிலான மாடல்களில், அமெரிக்காவில் ஓடிய சில டொயோட்டா, லெக்ஸஸ் வண்டிகளில் ஒரு விசித்திர வியாதி கண்டது. எஞ்சினுக்குள் எண்ணெய் கெட்டு, தார் போல் இறுகி, வழிகளை அடைத்து, கடைசியில் எஞ்சினையே கொன்றுவிடும். சொந்தக்காரர்கள் முறையிட்டார்கள். கிடைத்த பதில் என்ன தெரியுமா? "நீங்கள் வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றியிருக்க மாட்டீர்கள்." நோயாளியிடம் நாடி பார்க்காமலே, "நீ பத்தியம் இருந்திருக்க மாட்டாய்" என்று சொல்லும் வைத்தியரைக் கண்டதுண்டா? ஒழுங்காக எண்ணெய் மாற்றியதற்கு ரசீது வைத்திருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கடைசியில், 2002-ல், கம்பெனி இறங்கி வந்தது. சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு, வாங்கிய நாளிலிருந்து எட்டு வருஷம் வரையில், இந்தக் கோளாறைத் தன் செலவில் பழுது பார்த்துத் தருவதாக அறிவித்தது. அப்போதும் வண்டியைப் பராமரித்ததற்கு ஏதாவது அத்தாட்சி காட்டும்படி சொந்தக்காரனிடம்தான் கேட்டார்கள். பிழை பொறுத்தருளியவர் கம்பெனியார், பொறுக்கப்பட்டவன் சொந்தக்காரன்!

இரண்டாவது கதை துருவைப் பற்றியது. டக்கோமா என்ற சுமை வண்டியின் அடிச் சட்டம், குளிர் காலத்தில் சாலையில் உப்புப் போடும் பிரதேசங்களில், அரித்துப் பொத்தல் விழலாயிற்று. வண்டிக்கு அடிச் சட்டம் என்பது மனிதனுக்கு முதுகெலும்பு மாதிரி. எஞ்சின் நூறு வருஷம் உழைக்கும் என்று சொல்லி என்ன பயன்? 2008-ல் அந்தக் கம்பெனி, 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்குச் சட்டத்தின் உத்தரவாதத்தைப் பதினைந்து வருஷமாக நீட்டியது. திருத்த முடியாத வண்டிகளைச் சந்தை மதிப்பைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதற்குப் பிந்திய மாடல்களிலும் துருப் பிடித்து, வழக்குத் தொடரப்பட்டு, 2016-ல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்காக 340 கோடி டாலர் வரை செலவாகக் கூடிய சமரசத்துக்குக் கம்பெனி சம்மதித்தது.

மூன்றாவது கதையைச் சொல்லும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது.

2009 ஆகஸ்டு 28-ஆம் தேதி. கலிபோர்னியா மாகாணத்தில் சான் டியாகோ நகரத்தை அடுத்த சான்டீ என்ற ஊர். நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவர் தம்முடைய லெக்ஸஸ் வண்டியைப் பழுது பார்க்க விட்டிருந்தார். விற்பனை நிலையத்தார் அதுவரையில் ஓட்டிக்கொள்ளும்படி வேறொரு லெக்ஸஸை இரவல் கொடுத்திருந்தார்கள். அதில் மனைவி, மகள், மைத்துனர் ஆகியோரோடு போய்க்கொண்டிருந்தார். வண்டி வேகமெடுத்தது, பிரேக்கை அமுக்கியும் நிற்கவில்லை. மைத்துனர் தொலைபேசியில் போலீஸாரை உதவிக்கு அழைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி மோதிப் பாய்ந்தது. நான்கு பேரும் மாண்டு போனார்கள். வேறொரு மாடலுக்கு உரிய கால் விரிப்பை அந்த வண்டியில் போட்டிருந்தார்கள்; அதில் வேக மிதி சிக்கிக்கொண்டது என்று விசாரணையில் தெரிய வந்தது.

இதைவிட என் மனத்தை உறுத்துவது வேறு ஒன்று. சில நாட்களுக்கு முன்பு அதே வண்டியை இரவல் வாங்கி ஓட்டிய இன்னொரு மனிதருக்கும் அதே விபரீதம் நேர்ந்திருக்கிறது. அவர் எப்படியோ வண்டியை நிறுத்தி, மிதியை விடுவித்துத் தப்பித்தார். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வரவேற்பு மேஜையில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னதாகவும் அவர் புலனாய்வாளர்களிடம் கூறினார். அந்த ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்கி, குனிந்து அந்த விரிப்பை ஒருவர் எடுத்துப் போட்டிருந்தால்? விரிப்பை எடுக்க எஞ்சினீயர் தேவையில்லை. கேட்கும் காது ஒன்று போதும். பேர் பெற்ற இடத்தில் அந்தக் காதுதான் முதலில் அடைத்துப் போகிறது.

அதன் பிறகு நடந்தது உலகறிந்த விஷயம். கால் விரிப்புக்காக 38 லட்சம் வண்டிகள், ஒட்டிக்கொள்ளும் மிதிக்காக 2010 ஜனவரியில் 23 லட்சம் வண்டிகள் என்று திரும்ப அழைத்தார்கள். எட்டு மாடல்களின் விற்பனையைச் சில நாள் நிறுத்தினார்கள். 2010 பிப்ரவரி 24-ஆம் தேதி, ஸ்தாபகரின் பேரரான அகியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு முன்பு வந்து மன்னிப்புக் கேட்டார். கம்பெனி வளர்ந்த வேகம் மிதமிஞ்சிப் போயிருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். 2008-ல்தான் அவர்கள் ஜெனரல் மோட்டார்ஸை முந்தி உலகத்தில் முதலிடம் பிடித்திருந்தார்கள்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சியாரின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நானும் ஒரு விளம்பரக்காரன்தான். மின்னணுக் கோளாறால்தான் வண்டிகள் தாமாகவே பாய்கின்றன என்று பலர் அப்போது குற்றம் சாட்டினார்கள். அமெரிக்க அரசாங்கம் நாசா விஞ்ஞானிகளைக் கொண்டு பல மாதம் ஆராய்ந்தது. அப்படிப்பட்ட பாய்ச்சலை விளைவிக்கும் மின்னணுக் கோளாறு எதையும் தாங்கள் காணவில்லை என்று 2011 பிப்ரவரியில் அவர்கள் அறிவித்தார்கள். பிரேக் என்று நினைத்து வேக மிதியையே அமுக்கியவர்களும் பலர் இருந்தார்கள். வாஸ்தவம். புகார் சொல்கிற ஒவ்வொருவனும் அரிச்சந்திரன் அல்ல. அரிச்சந்திரனாகவே இருந்தாலும் அவன் எஞ்சினீயர் அல்ல. வலிக்கிறது என்று சொல்லத்தான் நோயாளிக்குத் தெரியும். வியாதியின் பெயரைச் சொல்லத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

ஆனால் காரணத்தைத் தப்பாகச் சொன்னான் என்பதற்காக வலியே பொய்யாகிவிடுமா? 2014 மார்ச்சில் அமெரிக்க நீதி இலாகாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கம்பெனியே என்ன ஒப்புக்கொண்டது என்று பாருங்கள். விரிப்பிலும் மிதியிலும் இருந்த இரண்டு அபாயங்களைப் பற்றித் தான் பொதுமக்களுக்குத் தவறான தகவல் கொடுத்ததாக ஒப்புக்கொண்டது. 120 கோடி டாலர் அபராதமும் கட்டியது. மிதி ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்து, அதன் அமைப்பை மாற்ற முதலில் ஏற்பாடு செய்தார்கள். பிறகு அந்த மாற்றம் அதிகாரிகளின் கண்ணில் படக் கூடாது என்று அமெரிக்காவில் அதை நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தச் சொன்னதும் வாய்மொழியாகவே. எழுத்தில் எதுவும் இருக்கக் கூடாதென்று உத்தரவு! சொந்தக்காரன் சொன்னது அறியாமையாக இருக்கலாம். கம்பெனி செய்தது அறியாமையா?

"போகட்டும், எல்லாக் கம்பெனிக்காரர்களும் செய்கிற காரியம்தானே?" என்று கேட்பீர்கள். ஆமாம், செய்கிறார்கள். ஆனால் பேர் கெட்ட கம்பெனிக்காரன் தப்புச் செய்தால் மறுநாளே ஊர் சிரிக்கிறது. பேர் பெற்றவன் செய்தால் ஊரே வக்கீலாக மாறி வாதாடுகிறது. அந்த வக்கீல்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அதிலும் ஒரு சுவாரஸ்யமான உண்மை இருக்கிறது.

கலிபோர்னியாவில் ஃபிரீமான்ட் என்ற ஊரில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக ஒரு தொழிற்சாலை நடத்தின. 1984-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 2010-ல் மூடப்பட்டது. அதிலே ஒரே தொழிலாளிகள், ஒரே கூரையின் கீழ், பெரும்பாலும் ஒரே பாகங்களைக் கொண்டு இரண்டு கார்களைச் செய்தார்கள். ஒன்றுக்கு டொயோட்டா கொரோலா என்று பெயர். மற்றொன்றுக்கு ஜியோ பிரிஸம் என்று பெயர். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் கொரோலாவுக்கு விலை கூடுதல். பழைய வண்டிச் சந்தையிலும் அதற்கே மதிப்பு கூடுதல். இரட்டையரில் ஒருவனுக்கு மட்டும் வரதட்சிணை அதிகம் கிடைத்த கதைதான்! இரும்பு ஒன்று, எஞ்சின் ஒன்று. வித்தியாசம் முகப்பில் ஒட்டிய சின்னம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பேர் என்பது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு சொத்து. வண்டியை விற்கும்போது அந்தப் பேரும் சேர்ந்து காசாகிறது. ஆகவே ஒருவன் எழுந்து, "என் வண்டி சரியில்லை" என்றால், மற்றவர்களின் காதில் அது "உங்கள் வண்டியின் விலை குறைகிறது" என்று விழுகிறது. கம்பெனியாருக்கு முன்பே அவர்கள் பாய்ந்து வந்து, "நீ ஓட்டியது சரியில்லை" என்கிறார்கள். குறை கண்டவனும் லேசுப்பட்டவன் அல்ல. நாளைக்கு அவனும் அந்த வண்டியை விற்க வேண்டுமல்லவா? வாயை மூடிக்கொள்கிறான். அந்த மௌனத்தையும் கம்பெனியார் தங்கள் கணக்கில் வரவாக எழுதிக்கொள்கிறார்கள்: "பார்த்தீர்களா, புகாரே இல்லை!"

இன்னொரு மாயமும் உண்டு. பேர் எப்போதும் பழையது. வண்டி எப்போதும் புதியது. அமெரிக்காவில் ஜே. டி. பவர் நிறுவனம் வண்டிகளின் உழைப்பைக் கணக்கெடுக்கும்போது மூன்று வயதான வண்டிகளைப் பற்றித்தான் விசாரிக்கிறது. உழைப்பை அளக்க வேண்டுமானால் காலம் ஓடித்தான் ஆக வேண்டும். அதனால் நாம் நம்பி வாங்கும் பேர், முன்பு செய்த வண்டியின் பேர். 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற புகழ் பெற்ற பத்திரிகை, பழைய டொயோட்டாக்களின் சரித்திரத்தை நம்பி, புதிய டொயோட்டா மாடல்களையும் கணக்கு வருமுன்பே சிபாரிசு செய்து வந்தது. சில மாடல்களில் குறைகள் மிகுந்துவிட்டதைக் கண்டு, 2007 அக்டோபரில் அந்தச் சலுகையை நிறுத்தியது. பரீட்சை எழுதாமலே அண்ணன் வாங்கிய மார்க்கைத் தம்பிக்குப் போட்டு வந்திருக்கிறார்கள்!

டண்ட்ரா என்ற பெரிய வண்டியின் கதையும் அதுதான். அதன் எட்டு சிலிண்டர் எஞ்சின் உழைப்பாளி என்று பேர் வாங்கியது. 2022 மாடலில் அதை எடுத்துவிட்டு இரட்டை டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். பேர் மட்டும் அப்படியே இருந்தது. தொழிற்சாலையில் உலோகம் கடைந்த துகள்கள் எஞ்சினுக்குள் தங்கிப் போயிருக்கலாம் என்று 2024 மே மாதத்தில் சுமார் 1 லட்சத்து 2 ஆயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். வாங்கியவர்கள் பணம் கொடுத்தது அண்ணனுக்கு. வீட்டுக்கு வந்தது தம்பி.

இத்தனையும் சொன்ன பிறகு, இந்தப் பேர் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் கட்சிக்கு மிகப் பெரிய சாட்சி அந்தக் கம்பெனியின் சொந்தச் சரித்திரம்தான்.

சகிச்சி டொயோடா என்பவர் தச்சரின் மகன், தறி செய்தவர். 1924-ல் அவருடைய பெயர் பெற்ற தானியங்கித் தறி முழுமை பெற்றது. அந்தத் தறியின் பெருமை எதில் இருந்தது? நூல் அறுந்தே போகாது என்பதிலா? இல்லை. நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அதுதான் அதன் பெருமை. நம் ஊர் நெசவாளியைக் கேளுங்கள். அறுந்த நூல் குற்றமல்ல. அறுந்தது தெரியாமல் முழம் முழமாக நெய்துகொண்டு போவதுதான் குற்றம். சகிச்சியின் மகன் கீச்சிரோ தொடங்கி வைத்த கார் தொழில் 1937-ல் தனிக் கம்பெனியாயிற்று. அதன் தொழிற்சாலைகளில் பின்னர் தலைக்கு மேல் ஒரு கயிறு கட்டினார்கள். எந்தச் சாதாரணத் தொழிலாளியும் குறை கண்டால் கயிற்றை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார். அங்கேயே தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். "ஏன்?" என்று ஒரு தரமல்ல, ஐந்து தரம் கேட்டுக் காரணத்தின் வேருக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி.

வெளியூரில் பட்ட அடியும் அவர்களுக்குப் பாடமாயிற்று. 1957-ல் அமெரிக்காவில் கடை திறந்து, டொயோபெட் கிரௌன் என்ற காரைக் கொண்டு போனார்கள். அமெரிக்க நெடுஞ்சாலையின் வேகத்துக்கு அது ஈடு கொடுக்கவில்லை, எஞ்சின் கொதித்தது. "எங்கள் ஊரில் நன்றாகத்தான் ஓடுகிறது, உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1960 முடிவில் காரை அனுப்புவதையே நிறுத்திவிட்டு வேலை செய்தார்கள். 1965-ல் வலுவான கொரோனாவோடு திரும்பி வந்தார்கள். அந்தப் பேரைக் கட்டியவர்கள் எஞ்சினீயர்கள் மட்டுமல்ல. குறை சொன்ன சொந்தக்காரர்களும்தான். அஸ்திவாரத்தில் கல் சுமந்தவனையே மாளிகை எழுந்ததும், "நீ யார், வெளியே போ" என்பது என்ன நியாயம்?

தொழிலாளியின் தலைக்கு மேல் தொங்கிய கயிறு சொந்தக்காரனின் கைக்கு எட்டவில்லை. அதுதான் கோளாறு. உள்ளேயும் அந்தக் கயிறு எல்லா இடத்திலும் வேலை செய்யவில்லை. டைஹாட்ஸு என்ற கம்பெனி 2016 முதல் முழுக்க முழுக்க டொயோட்டாவுக்குச் சொந்தம். பாதுகாப்புப் பரீட்சைகளில் அங்கே 174 முறைகேடுகள் நடந்திருப்பதாகவும், அவற்றில் மிகப் பழையது 1989-லேயே நடந்தது என்றும் 2023 டிசம்பரில் ஒரு விசாரணைக் குழு அறிவித்தது. அவசர அவசரமாக வண்டி தயாரிக்கச் சொன்ன நெருக்கடியைக் குழு காரணமாகக் காட்டியது. 2024 ஜூனில், தன் சொந்தப் பரீட்சைகளிலேயே முறைகேடு நடந்ததாக டொயோட்டாவும் மன்னிப்புக் கேட்டு, மூன்று மாடல்களின் உற்பத்தியை ஜப்பானில் நிறுத்தி வைத்தது. முப்பது வருஷ காலம் நூல் அறுந்திருக்கிறது. தறி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆகவே பேர் பெற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பேருக்காக நாங்கள் கூடுதல் விலை கொடுக்கிறோம். அந்தக் கூடுதலுக்கு நீங்கள் தர வேண்டியது கூடுதல் காது. பேர் கெட்டவன் புகாரைக் கேட்கப் பத்து நாள் எடுத்துக்கொண்டால், பேர் பெற்றவன் மறுநாளே கேட்க வேண்டும். காரணம் தெரியும் வரையில் சந்தேகத்தின் பலன் சொந்தக்காரனுக்கே. எண்ணெய் மாற்றினாயா என்று கேளுங்கள், தவறில்லை. ஆனால் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் நண்பர் ஒருவர் பேர் பெற்ற வண்டி ஒன்றை வாங்கி, வாயும் வயிறும் எரிந்து வந்து குறை சொன்னால், "அந்தக் கம்பெனியிலா? இருக்காதே!" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கம்பெனிக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள். அவருக்கு இருப்பது நீங்கள்தான். "எங்கே, கல்லைக் காட்டுங்கள், பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பார்த்த பிறகு அது கல்லல்ல, வேகாத அரிசி என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் பார்க்காமல் சொல்லாதீர்கள்.

நூல் அறுந்தது என்று ஒருவன் கத்தினால் தறியை நிறுத்திப் பார்ப்பதுதான் நெசவு. அந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கே இன்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது.